அயனாக்கற்சக்தியும் மேகநாத சாகாவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆவர்த்தன அட்டவணையின் மூலகங்களை அவற்றின் அயனாக்கற்சக்தி கொண்டு ஒப்பிடுதல் இன்று உயர்தர வகுப்புப் பாடமாகும். வாயுநிலையிலுள்ள அணுவொன்றிலிருந்து ஓர் இலத்திரனை அகற்றுதற்கு வேண்டிய சக்தியே அது. ஆவர்த்தனத்தில் இடமிருந்து வலமாக அது பொதுவாக அதிகரிக்கும். கூட்டத்தில் மேலிருந்து கீழாகப் பொதுவாகக் குறையும். ஈலியத்துக்கு அது 24.6 இலத்திரன் வோல்ற்று, சீசியத்துக்கு 3.9 மட்டுமே. நமுனுகுல மலைச்சாரலின் தோட்டத்து மாணவனொருவன் இப்பாடத்தை எட்டுவானாயின், மனனஞ் செய்யவேண்டிய எண்களாகவே இவற்றைக் காண்பான். ஆயின் இவ்வெண்களுக்கு ஒரு வரலாறு உண்டு; அவ்வரலாற்றில் வறிய கிராமத்தான் ஒருவனுக்கு முதன்மையான இடமும் உண்டு.

1920 அளவில் சூரிய நிறமாலை பற்றிய இரு வினாக்கள் விடையின்றிக் கிடந்தன. சீசியம், உருபீடியம் ஆகியவற்றின் கோடுகள் அதிற் காணப்படாதது ஏன்? அயனாகிய கல்சியத்தின் கோடுகள் சூரியனின் நிறமண்டலத்தில் மிக உயரத்திலும் தோன்றுவது ஏன்? வெப்பநிலை ஒன்றையே காரணமாகக் கொண்டோர் இடர்ப்பட்டனர். மேகநாத சாகா வெப்பநிலை, அமுக்கம், அயனாக்கற்சக்தி ஆகிய மூன்றையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தார். உயரத்தில் அமுக்கங் குறைதலால், கல்சிய அயன் இழந்த இலத்திரனை மீளப்பெறல் அரிதாகின்றது. சீசியமும் உருபீடியமும் சூரியனில் இல்லாதன அல்ல; இலத்திரனை எளிதில் இழத்தலால் நடுநிலை அணுவுக்குரிய கோடுகளை அவை காட்டுவதில்லை. வெப்பங் குறைந்த கரும்புள்ளிகளில் அவற்றைத் தேடலாமென்றார்; உருபீடியம் அங்கே கண்டறியப்பட்டது. அவர் சமன்பாட்டைக் கையாண்டே, 1925 இல், விண்மீன்களில் ஐதரசனே மிகுதி என்ற முடிவுக்குச் செசீலியா பெயின் வந்தார். புலப்படாமை இன்மைக்குச் சான்றாகாது என்பதே இவ்வாய்வின் சாரம்.

சாகா 1893 இல் டாக்கா மாவட்டக் கிராமமொன்றில் சிறுகடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அயலூர் வைத்தியர் ஒருவர் தம் வீட்டில் இடமளித்திராவிடின் அவர் கல்வி தொடக்கப் பள்ளியோடு முடிந்திருக்கும். 1905 இல், வங்கப் பிரிவினைக் காலத்தில், ஆளுநரின் வருகையைப் பகிஷ்கரித்தமைக்காகப் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். உபகாரச் சம்பளத்தையும் இழந்தார். பின்னாளில் திட்டமிட்ட கைத்தொழிலாக்கத்துக்காக வாதிட்ட அவர், 1952 இல் இந்திய மக்களவைக்குச் சுயேச்சையாகத் தெரிவானார்.

இயற்கை விதியை அவ்வாறே சமுதாயத்தின்மீது ஏற்றுதல் இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும். எனினும், சாகாவின் வாழ்க்கை எழுப்பும் வினா நம்முடையதே. 1945 இல் வந்த இலவசக் கல்வி ஊவாத் தோட்டங்களை மிகப் பிந்தியே எட்டிற்று. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. அதன் பின்னரும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுள் சிலவற்றுக்கே வாய்த்தது. விஞ்ஞான, மருத்துவ பீடங்களில் இம்மாணவர் அருகிக் காணப்படுவதை அவர்தம் ஆற்றற் குறைவாகக் கொள்வோர் வரலாற்றுச் சூழ்நிலையைக் கணக்கில் எடாதவராவர். சாகாவுக்கு ஒரு வைத்தியரின் தயவு கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு வேண்டுவது தயவன்று; நடந்து செல்லும் தூரத்தில் ஓர் ஆய்வுகூடமும், அங்கு நிலைத்திருந்து தமிழிற் கற்பிக்கும் இரசாயனவியல் ஆசிரியருமே.