தரையிறங்கு கப்பலும் மலைநாட்டு அரிசியும்

நுவரெலியாவிலும் அட்டனிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கடற்படைக் கப்பலொன்றைப் பற்றிப் பேசத் தொடங்கின், அது பொருந்தாக் கூற்றெனவே தோன்றும். ஆயினும் இரண்டாம் உலகப் போரின் இறுதி மூன்றாண்டுகளில், தோட்டத் தொழிலாளியின் உலையிலேறிய அரிசிக்கும், டாங்கிகளைக் கரையில் இறக்கும் ஒருவகைக் கப்பலுக்கும் தொடர்பிருந்தது. அக்கப்பலை மலைநாட்டார் கண்டதில்லை. அதன் பெயரைக் கேட்டவரும் மிகச் சிலரே.

இலங்கை அக்காலத்தில் உண்ட அரிசியின் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. அதிலும் பர்மா அரிசியே முதன்மை பெற்றது. வயலென்று சொல்ல ஒரு சாண் நிலமுமில்லாத தோட்டத் தொழிலாளர்க்கோ வேறு வழியேயில்லை. தோட்டத்தில் அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் பிடித்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. 1942 மார்ச் 8ஆம் நாள் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம் 5ஆம் நாள் கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் குண்டுவீச்சுக்குள்ளாயின. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. குறையைக் கோதுமை மா நிரப்பலாயிற்று. இதே அரிசியிழப்பு, வேறு பல காரணங்களோடு கூடி, 1943இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சத்தில் ஆழ்த்தியது. தேயிலையோ போர்க்காலத்திலும் வேண்டப்பட்ட பொருள். பிரித்தானிய உணவு அமைச்சு அதனை மொத்தமாக வாங்கிற்று. கொழுந்து வெளியே சென்றுகொண்டேயிருந்தது. அரிசி உள்ளே வருவதுதான் அரிதாயிற்று.

பர்மாவை மீட்பதற்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று, அசாமின் எல்லையிலுள்ள மலைகளையும் காடுகளையும் தாண்டிச் செல்லும் தரைவழி. மற்றது, வங்கக் கடலைக் கடந்து நேரே இரங்கூனை அடையும் கடல்வழி. பின்னது குறுகியதே. ஆனால் துறைமுகம் பகைவர் கையிலிருக்கும்போது டாங்கிகளை எங்ஙனம் இறக்குவது? சாதாரணக் கப்பலுக்குத் துறைமேடை வேண்டும், பாரந்தூக்கி வேண்டும். வெறும் மணற்கரையில் அதனாற் பயனில்லை.

1940இல் டன்கேர்க்கிலிருந்து கனரகப் படைக்கலங்களைக் கைவிட்டு மீண்ட பிரித்தானியர் இக்கேள்வியை முதலில் எதிர்கொண்டனர். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கெனக் கட்டப்பட்ட, ஆழங்குறைந்த நீரில் மிதக்கும் மூன்று எண்ணெய்க் கப்பல்களை எடுத்து, முகப்பை வெட்டிக் கதவமைத்தனர். அவற்றுள் ஒன்றாகிய 'பச்சக்கேரோ' 1942 மே மாதத்தில் மடகாஸ்கர்த் தீவின் தியேகோ சுவாரசுத் தாக்குதலிற் பங்குகொண்டது. யப்பானியர் அத்தீவில் இடம்பிடித்தால் இந்து சமுத்திர வழிகள் அறுபடுமென்ற அச்சமே அப்படையெடுப்பின் காரணம். ஆகவே இவ்வகைக் கப்பல் போரில் கன்னிமுயற்சி செய்ததும் நம் கடலிலேயாம்.

பின்னர் அமெரிக்கரான ஜோன் நீடர்மையர் 1941 நவம்பரில் வரைந்த திட்டமே நிலைத்தது. நீளம் 328 அடி. ஆழ்கடலில் நிலைபெறக் கப்பல் ஆழ அமிழ வேண்டும்; கரையேற வேண்டுமெனின் மேலே மிதக்க வேண்டும். முரண்பட்ட இவ்விரு தேவைகளையும் அவர் நீரைக் கொண்டே தீர்த்தார். நடுக்கடலில் அடித்தொட்டிகளிற் கடல்நீரை நிரப்பிக் கப்பலை அமிழ்த்துவர். கரை நெருங்கியதும் அந்நீரை இறைத்துவிடுவர். முகப்பு மணலில் ஏறியதும் கதவுகள் இரண்டும் விரியும், சாய்பலகை இறங்கும், டாங்கிகள் தம் சில்லுகளாலேயே ஊர்ந்து வெளியேறும். வரும் வழியிற் பின்புறம் போட்டுவந்த நங்கூரத்தைச் சுற்றியிழுத்துக் கப்பல் மீளவும் நீரிலிறங்கும். வேகமோ மணிக்குப் பன்னிரண்டு கடல்மைலை எட்டுவதே அரிது. மாலுமிகள் இதனைப் பெரிய, மெதுவான இலக்கு என்று எள்ளினர். கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள ஒகாயோ, இல்லினோய் ஆற்றங்கரைகளிலும் இவை கட்டப்பட்டன. அமெரிக்கா கட்டியவை ஆயிரத்துக்கு மேற்பட்டவை.

அத்தனை கட்டியும் போதவில்லை. இரு பேரரசுகளின் திட்டங்கள் இந்தக் கப்பல்களாற் கட்டுண்டு கிடப்பதைக் குறித்துச் சேர்ச்சிலே சலித்துக்கொண்டார். 1943 நவம்பரில் கெய்ரோ மாநாட்டில், அந்தமான் தீவுகளைக் கடல்வழித் தாக்குவதாகச் சீனத்தின் சியாங் கை சேக்குக்கு வாக்களிக்கப்பட்டது. அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது. கிழக்கே நின்ற தரையிறங்கு கலங்கள் மத்தியதரைக் கடலுக்கு மீண்டன. 1944 சனவரியில் இத்தாலியின் அன்சியோ, யூனில் நோர்மண்டி என அவற்றிற்கு அங்கே வேலை மிகுந்திருந்தது.

மவுண்ட்பாட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 ஏப்ரிலில் பேராதனைப் பூங்காவிற்கு வந்து சேர்ந்ததும் இக்காலத்திலேயே. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 அடி மேலே, கப்பலில்லாக் கடற்படையெடுப்புகள் தாளில் வரையப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில் ஒப்புதல் பெற்ற இரங்கூன் திட்டமும், ஐரோப்பாவிலிருந்து படைகளை விடுவிக்க இயலாமையால் ஒத்திவைக்கப்பட்டது. இதற்கிடையில் பதினான்காம் படை இம்பாலிலும் கொகிமாவிலும் எதிரியை முறித்து, தரைவழியே மெய்த்திலாவரை இறங்கியது. ஈற்றில் 1945 மே 2ஆம் நாள் கடல்வழிப் படை இரங்கூனை அணுகியபோது யப்பானியர் நகரை விட்டகன்றிருந்தனர்.

கப்பல்கள் ஓராண்டு முந்தி வந்திருப்பின் தோட்டத்து அரிசிக்குறை தீர்ந்திருக்குமா? அங்ஙனம் கூறல் மிகையாகும். பர்மாவின் ஆலைகளும் இருப்புப்பாதைகளும் படகுகளும் போரிற் சிதைந்திருந்தன. பங்கீடு போருக்குப் பின்னும் நீடித்தது. 1952இல் சீனத்துக்கு இறப்பர் கொடுத்து அரிசி பெறும் உடன்படிக்கையை இலங்கை செய்யவேண்டியதாயிற்று. எனினும் ஒன்று மறுக்கவொண்ணாதது. ஐரோப்பா முதலென்னும் முடிவைப் படைத்தலைவர்கள் கப்பல்களை எண்ணிச் செய்தனர். அக்கணக்கு அவர்களளவிற் சரியே. அதன் மறுபக்கத்தில் நின்ற லயத்துக் குடும்பங்களின் உலை எந்தப் பேரேட்டிலும் பதியப்படவில்லை.

அமெரிக்கக் கப்பல்கள் போதாமையால் பிரித்தானியா தானும் கனடாவும் சேர்ந்து மூன்றாம் வகையொன்றைக் கட்டத் தொடங்கிற்று. டீசல் எந்திரங்கள் கிடையாமையால் அவற்றிற்கு நீராவி எந்திரமே பூட்டப்பட்டது. கிழக்குப் போருக்கெனக் கருதப்பட்ட அவற்றுட் பல, போர் முடியுந் தறுவாயிலேயே நீரிலிறங்கின. 3011 என்ற எண்ணுடையது அவற்றுள் ஒன்று. பின்னர் 'அவென்சர்' எனப் பெயர் பெற்ற அதனை 1949இல் இந்தியக் கடற்படை ஏற்று 'மகர்' என்றழைத்தது. வடமொழி வழியில் முதலையைக் குறிக்கும் அச்சொல் நம் மகரமீனுக்கும் உறவுடையது. கரையேறி வாய்பிளந்து கிடக்கும் கப்பலுக்கு இதனினும் பொருந்திய பெயர் காண்டல் அரிது. அது கழிந்தபின், இந்தியாவிலேயே கட்டிய மற்றொரு 'மகர்' 1987இற் பணியேற்றது. 2020 மே மாதத்தில், நோய்த்தொற்றால் மாலைதீவில் அகப்பட்டிருந்த இந்தியரை ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுவந்த அக்கப்பல், 2023 மே 6ஆம் நாள் ஓய்வுபெற்றது.