ஜவ்வரிசி தந்த கிழங்கு பையும் தருமா?

குச்சிக்கிழங்கு மாவில் பிளாஸ்டிக் பை செய்கிறார்களாமே, இனிமேல் கிழங்கு விலை ஏறிவிடுமா என்று ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து விவசாயிகள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு பழைய கதையைப் பார்ப்போம்.

அசல் ஜவ்வரிசி நம்ம ஊர்ச் சரக்கே இல்லை. மலேயாப் பக்கத்து சேகோ பனையின் தண்டுச் சோற்றிலிருந்து மாவு எடுத்துச் செய்து, கப்பலில் வந்தது. 1942-இல் ஜப்பான் மலேயாவைப் பிடித்ததும் வரத்து நின்றது. 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியார், கேரளத்தில் மரவள்ளி மாவைப் பார்த்தவர், பினாங்கிலிருந்து வந்த தொழில் தெரிந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து, அந்த மாவிலேயே ஜவ்வரிசி செய்தார். போட்டிச் சரக்கு இல்லாத நேரம். தொழில் வேர் பிடித்துவிட்டது. 1981-இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமாக சேகோசர்வ் ஏற்பட்டது.

செடியிலிருந்து பிளாஸ்டிக் என்பதும் புதுசு இல்லீங்க. 1870 வாக்கில் அமெரிக்காவில் ஹயாட் என்பவர், பருத்திச் சத்தை அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்து செல்லுலாய்டு செய்தார். பழைய சினிமா பிலிம் அதுதான். பின்னால் பெட்ரோலிய பிளாஸ்டிக் மலிவாக வந்து, செடிச் சரக்கை ஓரங்கட்டிவிட்டது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததும், மாவுப் பைக்கு மறுபடி மவுசு. மாவோடு கிளிசரினும் தண்ணீரும் சேர்த்துச் சூடாக்கிப் பிசைந்தால் பிளாஸ்டிக் மாதிரி உருகி வார்ப்புக்கு வரும். ஆனால் மாவு மட்டும் என்றால் ஈரத்தில் நைந்து, காய்ந்தால் நொறுங்கும். அதனால் வேறு மக்கும் பிளாஸ்டிக்கைக் கலக்கிறார்கள். அதில் சில வகைகள் பெட்ரோலியத்திலிருந்தே வருகின்றன. பையில் 'மரவள்ளி' என்று அச்சடித்திருந்தால் முழுக்க நம்ம கிழங்கு என்று எண்ணிவிடாதீர்கள். மக்கும் பை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள். சான்று உள்ள பையும் பெரும்பாலும் சூடேறும் உரக்கிடங்கில்தான் சீக்கிரம் மக்கும். வரப்பில் போட்டால் அப்படியே கிடக்கும். மாடு தின்றுவிடப் போகிறது.

விலைக்கு வருவோம். பை செய்கிறவர் வாங்குவது கிழங்கு இல்லை, மாவு. அதை விற்பது ஆலை. உங்கள் வண்டி ஆலை வாசலில் நிற்கும்போது அங்கே பார்க்கிற 'பாயிண்ட்', அதாவது மாவுச் சத்து, அதுதான் இன்னமும் விலையைத் தீர்மானிக்கிறது. பை ஆலை வரப்போகிறது என்று சொல்லி யாராவது முன்பணம் நீட்டி ஒப்பந்தம் கேட்டால், பாயிண்டுக்கு என்ன விலை, யார் எடை போடுவது, பணம் எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.