ஒரு வாத்தியாரின் ஜோசியம்

பெற்றவர்களைக் காட்டிலும் பையனை வாத்தியார் நன்றாக அறிவார் என்பது என் கட்சி. சாட்சிக்கு இங்கிலாந்திலிருந்து ராக்லி வில்ஸனைக் கூப்பிடுகிறேன்.

வில்ஸன் 1879-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தபோது, 1899-ல், எதிர்க் கோஷ்டியில் சேர்ந்துகொண்டு தம் கலாசாலைக்கு எதிராகவே சதம் அடித்தார். பிறகு இடம் கொடுக்காமல் இருப்பார்களா? 1902-ல் அவரே காப்டன்!

அப்புறம் விஞ்செஸ்டர் பள்ளியில் உபாத்தியாயர் வேலை. சுமார் 40 வருஷம். சம்பளம் வாங்காத ஆட்டக்காரர் ஆகையால், யார்க்ஷயர் ஜில்லாவுக்கு ஆடுவதெல்லாம் கோடை விடுமுறையில்தான். அவருடைய பந்தில் வேகம் கிடையாது, குறி தப்பாது.

1920-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அடிபட்ட காலோடு ஓடிய ஹாப்ஸைக் கூட்டம் கேலி செய்ததென்று லண்டன் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தார். செய்தி திரும்பி வந்தது. ஸிட்னி ஜனங்கள் அவரைக் கூச்சலிட்டே வரவேற்றார்கள். 41 வயதில் அவர் ஆடிய அந்த ஒரே டெஸ்ட் பந்தயத்தில் மூன்று விக்கெட்டுகள் எடுத்தார். அந்தத் தேசத்தாரின் ரோஷத்தையும் தெரிந்துகொண்டார்.

இனி மாணவன். 1919-ல் விஞ்செஸ்டர் அணிக்குத் தலைவன் டக்ளஸ் ஜார்டின். பிடித்த பிடியை விடாத பையன். 1932-ல் ஆஸ்திரேலியா செல்லும் இங்கிலாந்துக் கோஷ்டிக்கு அவரையே காப்டனாக்கினார்கள். ஊரார் மகிழ்ந்தபோது வாத்தியார் சொன்னாராம்: ஆஷஸை ஜெயிப்போம், ஆனால் ஒரு நாட்டையே இழந்தாலும் இழப்போம் என்று.

அப்படியேதான் ஆயிற்று. உடம்பைக் குறிவைத்து வேகப் பந்து. அதைத் தடுத்தால் பிடிக்கப் பக்கத்திலேயே ஆட்கள். 1933 ஜனவரியில் அடிலெய்டில் உட்புல்லின் நெஞ்சில் அடி; ஓல்ட்பீல்டின் மண்டையில் முறிவு. இரு தேசங்களின் சங்கங்களும் கடுந்தந்திகள் அனுப்பிக்கொண்டன. இங்கிலாந்து 4-1 என்று ஜெயித்தது. நாடு கைவிட்டுப் போகவில்லை. நட்பு மட்டும் நெடுநாள் புண்ணாயிருந்தது.

மறு வருஷம் பிப்ரவரியில் அதே ஜார்டின் சென்னைச் சேப்பாக்கத்தில் நின்றார். அங்கே நடந்த முதல் டெஸ்ட் அதுதான். அவருக்கோ கடைசி டெஸ்ட்.

இதில் வாத்தியாருக்குப் பங்கு உண்டா? மட்டையை நேராகப் பிடிக்கக் கற்றுத் தரலாம். எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைக் கற்றுத் தர முடிகிறதா? தேர்வு முடிவு அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. திருத்தும் பேனா மட்டும் கையில் இல்லை. வாத்தியார் தொழிலின் துக்கமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வில்ஸன் 1957-ல் காலமானார். அடுத்த வருஷம் ஜார்டினும் போய்ச் சேர்ந்தார்.