பெர்லினில் கட்டணமற்ற பொது இடங்கள்

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் நுழைவுக் கட்டணம் இன்றி யாவரும் பயன்படுத்தக்கூடிய பூங்காக்கள், காடுகள், ஏரிக்கரைகள், நினைவிடங்கள், ஆவணக் காட்சியகங்கள் முதலியன பல உள்ளன. கையில் பணம் குறைவாக உள்ள மாணவர்களும் பயணிகளும் இவற்றைக் கொண்டே நகரின் பெரும்பகுதியைக் கண்டு மகிழ இயலும். இவற்றுள் பெரும்பாலானவை தற்செயலாகக் கட்டணமற்றவையாக அமையவில்லை. மன்னரின் ஆணை, நகராட்சியின் நிலக் கொள்முதல், அரசின் நிதி ஒதுக்கீடு, மக்களின் வாக்கெடுப்பு ஆகியவற்றால் ஏற்பட்டவை இவை. இத்தகைய வசதிகளுள் சில பின்னர் நிதிப் பற்றாக்குறையால் நிறுத்தப்பட்டும் உள்ளன.

பின்னணி

பெர்லின் 890 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பளவு கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் தொழில் வளர்ச்சி காரணமாக மக்கள் தொகை விரைவாகப் பெருகியது. தொழிலாளர்கள் நெருக்கமான வாடகைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். திறந்த வெளிகளைப் பொதுவில் வைத்திருக்க வேண்டும் என்ற கோரிக்கை இச்சூழலில் வலுப்பெற்றது. 1961 முதல் 1989 வரை நகரைப் பிரித்திருந்த பெர்லின் சுவர் அகற்றப்பட்டபோது, எல்லைப் பட்டையாக இருந்த நிலங்களுள் சில பூங்காக்களாகவும் நினைவிடங்களாகவும் மாற்றப்பட்டன.

பூங்காக்கள்

நகரின் நடுவே அமைந்துள்ள தியர்கார்டன் பூங்கா ஏறத்தாழ 210 எக்டேர் பரப்புடையது. இது முற்காலத்தில் பிராண்டன்பர்க் ஆட்சியாளர்களின் வேட்டைக்காடாக இருந்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1742ஆம் ஆண்டில் வேலிகளை அகற்றச் செய்து, இதனை மக்களுக்கான பூங்காவாக மாற்றினார். இரண்டாம் உலகப் போரின் இறுதியிலும் அதற்குப் பிந்திய குளிர்காலங்களிலும் விறகுக்காக இங்கிருந்த மரங்களுள் மிகப் பெரும்பாலானவை வெட்டப்பட்டன. வெற்று நிலத்தில் மக்கள் உருளைக்கிழங்கு பயிரிட்டனர். 1949ஆம் ஆண்டில் மேயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் ஒரு லிண்டன் மரக்கன்றை நட்டு மறுசீரமைப்பைத் தொடக்கி வைத்தார். எனவே இன்று காணப்படும் மரங்களுள் பெரும்பாலானவை போருக்குப் பின் நடப்பட்டவையாகும். பூங்காவின் நடுவிலுள்ள வெற்றித் தூணின் மீது ஏறுவதற்கு மட்டும் கட்டணம் உண்டு.

பிரீட்ரிக்ஸ்ஹைன் மக்கள் பூங்கா நகராட்சி உருவாக்கிய முதல் பூங்காவாகும். இதனை அமைக்க 1840ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. இங்குள்ள இரு குன்றுகள் போரில் இடிந்த கட்டடங்களின் இடிபாடுகளால் ஆனவை. 1913ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேவதைக் கதை நீரூற்று குழந்தைகளை ஈர்க்கின்றது.

முன்னாள் எல்லைப் பட்டையில் அமைந்த மவுவர்பார்க் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் சந்தை கூடுகின்றது. ஜெர்மனியில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருப்பதால் அன்று இங்கு கூட்டம் மிகுதி.

காடுகளும் ஏரிகளும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருனேவால்ட் காட்டின் பகுதிகள் வீட்டு மனைகளாக விற்கப்பட்டபோது மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. இதன் விளைவாக 1915ஆம் ஆண்டில் பெர்லின் வட்டாரக் கூட்டமைப்பு, பிரஷ்ய அரசிடமிருந்து ஏறத்தாழ 10,000 எக்டேர் காட்டை 5 கோடி மார்க் விலைக்கு வாங்கியது. இந்நிலத்தை நிலையாகக் காடாகவே பேண வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் அடிப்படை. நகரின் மேற்கே காடு இன்றும் நிலைத்திருப்பதற்கு இவ்வொப்பந்தம் முதன்மைக் காரணமாகும்.

காட்டின் ஓரத்தில் உள்ள ஸ்லாக்டன்சே, குரும்மே லாங்கே ஆகிய ஏரிகளில் கோடைக்காலத்தில் கட்டணமின்றி நீந்தலாம். நகரத் தொடர்வண்டியில் சென்றால், ஸ்லாக்டன்சே நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் கரையை அடையலாம். மாறாக, வான்சே ஏரியில் 1907ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் குளியற்கரையில் கட்டணம் பெறப்படுகின்றது.

டெம்பெல்ஹோவ் திடல்

டெம்பெல்ஹோவ் திடல் 300 எக்டேருக்கும் மேற்பட்ட திறந்த வெளியாகும். முற்காலத்தில் பிரஷ்யப் படைகளின் அணிவகுப்புத் திடலாக இருந்த இவ்விடத்தில் 1923ஆம் ஆண்டில் விமான நிலையம் திறக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை அடைத்தபோது, 1948-49 காலப்பகுதியில் உணவும் நிலக்கரியும் வான்வழியே கொண்டுவந்து இறக்கப்பட்ட நிலையங்களுள் இதுவும் ஒன்று. 2008 அக்டோபரில் விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2010 மே மாதத்தில் திடல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள இரு ஓடுபாதைகளில் மக்கள் மிதிவண்டி ஓட்டுகின்றனர், பட்டம் விடுகின்றனர். இறைச்சி சுடுவதற்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளும் அயலவர் கூடிப் பயிரிடும் தோட்டங்களும் உள்ளன. புல்வெளிகளில் வானம்பாடிப் பறவைகள் கூடு கட்டுவதால், இனப்பெருக்கக் காலத்தில் சில பகுதிகளுக்குள் செல்லக்கூடாது. வாயில்கள் இரவில் மூடப்படுகின்றன.

திடலின் விளிம்புகளில் ஏறத்தாழ 4,700 வீடுகளையும் ஒரு மைய நூலகத்தையும் கட்ட நகர அரசு திட்டமிட்டது. வாடகை உயர்ந்து வரும் நகரில் வீடுகள் தேவை என்பது அரசின் வாதமாக இருந்தது. புதிய வீடுகள் எளிய மக்களுக்குக் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை எனவும், ஒருமுறை கட்டப்பட்ட நிலம் மீண்டும் பொதுவெளியாகாது எனவும் எதிர்ப்பாளர்கள் கூறினர். 2014 மே 25ஆம் நாள் நடந்த பொது வாக்கெடுப்பில் 64.3 விழுக்காட்டினர் திடலை முழுமையாகத் திறந்தவெளியாகவே விடுவதை ஆதரித்தனர். இதற்கான சட்டம் அவ்வாண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. அகதிகளுக்குத் தற்காலிகத் தங்குமிடங்கள் அமைப்பதற்காக 2016ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. 2023ஆம் ஆண்டில் பதவியேற்ற நகர அரசு, விளிம்புகளில் வீடு கட்டும் எண்ணத்தை மீண்டும் விவாதத்திற்குக் கொண்டுவந்தது.

நினைவிடங்களும் ஆவணக் காட்சியகங்களும்

நாட்சி ஆட்சிக் காலக் கொடுமைகளையும் நகரின் பிரிவினையையும் நினைவூட்டும் இடங்கள் பொது நிதியில் பேணப்படுகின்றன. கடந்த காலத்தை அறிவதற்குப் பணம் தடையாக இருத்தலாகாது என்பதனால் பின்வருவனவற்றில் கட்டணம் பெறப்படுவதில்லை.

* ஐரோப்பாவில் கொலையுண்ட யூதர்களுக்கான நினைவிடம்: 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மன் வடிவமைத்த இதில் 2,711 கற்காரைத் தூண்கள் உள்ளன. நிலத்தடியில் தகவல் மையம் உள்ளது.
* பயங்கரத்தின் நிலவியல் ஆவண மையம்: கெஸ்டபோ, எஸ்.எஸ். ஆகியவற்றின் தலைமையகங்கள் இருந்த இடத்தில் அமைந்துள்ளது. இப்போதுள்ள கட்டடம் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.
* பெர்லின் சுவர் நினைவிடம்: பெர்னவுவர் தெரு வழியே ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் நீளத்திற்கு எல்லைப் பட்டையின் எச்சங்கள் காக்கப்பட்டுள்ளன.
* கண்ணீர் மாளிகை: பிரீட்ரிக் தெரு நிலையத்தில், கிழக்கிலிருந்து மேற்கே திரும்பிச் செல்வோரை உறவினர் வழியனுப்பிய எல்லைச் சாவடி.
* ஈஸ்ட் சைட் கேலரி: சுவரின் 1.3 கிலோமீட்டர் நீளப் பகுதி. 1990ஆம் ஆண்டில் பல நாட்டு ஓவியர்கள் இதில் ஓவியம் தீட்டினர்.

ரைக்ஸ்டாக் எனப்படும் நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்தையும் கட்டணமின்றிக் காணலாம். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த இக்குவிமாடம் 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதன் கீழே மன்றக் கூடம் அமைந்துள்ளது. முன்கூட்டியே பதிவு செய்வதும் கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை கொண்டு செல்வதும் அவசியம்.

அருங்காட்சியகங்களும் இசையும்

2021 ஜூலை முதல், மாதத்தின் முதல் ஞாயிறன்று பெர்லினின் பல அருங்காட்சியகங்களில் அனைவருக்கும் நுழைவு இலவசமாக்கப்பட்டது. நகர அரசு இதற்கு நிதி வழங்கியது. இதற்கு மக்களிடையே வரவேற்பு இருந்தபோதிலும், நகரின் வரவு செலவுத் திட்டத்தில் செய்யப்பட்ட கடும் வெட்டுகளால் 2024 டிசம்பருடன் இது முடிவுக்கு வந்தது. எனினும் பெர்லின் அரசு அருங்காட்சியகங்களில் 18 வயது நிறைவடையாதோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. சமூக உதவித்தொகை பெறும் பெர்லின்வாசிகள், பல அரங்குகளில் விற்பனையாகாது எஞ்சிய நுழைவுச்சீட்டுகளை 3 யூரோவுக்குப் பெறலாம்.

பெர்லின் பில்ஹார்மனி அரங்கின் முன்கூடத்தில், இசைப் பருவத்தின்போது வாரத்தில் ஒரு நண்பகலில் கட்டணமற்ற இசை நிகழ்ச்சி நடத்தப்பட்டு வருகின்றது.

போக்குவரத்து

1990ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 100ஆம் எண் பேருந்து, விலங்கியல் தோட்ட நிலையத்திலிருந்து தியர்கார்டன், ரைக்ஸ்டாக், உன்டர் டென் லிண்டன் சாலை வழியாக அலெக்சாண்டர் சதுக்கம் வரை செல்கின்றது. சுற்றுலாப் பேருந்துக்குப் பதிலாகச் சாதாரணப் பயணச்சீட்டில் இதில் செல்லலாம். நகரின் போக்குவரத்து அ, ஆ, இ என்பது போன்ற மூன்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. விமான நிலையம் வெளிவலயத்தில் உள்ளதால் அங்கிருந்து வருவோர் அதனையும் உள்ளடக்கிய சீட்டை வாங்க வேண்டும்.

தொடர்வண்டி நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை. ஆயினும் சீட்டின்றிப் பயணிப்போர் பிடிபட்டால் 60 யூரோ செலுத்த நேரிடும். ஜெர்மானியச் சட்டப்படி இது குற்றமும் ஆகும். நீதிமன்றம் விதிக்கும் அபராதத்தைச் செலுத்த இயலாதோர் சிறை செல்லும் நிலையும் உள்ளது. 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாடு முழுவதும் மாதம் 9 யூரோவுக்கு வழங்கப்பட்ட பயணச்சீட்டு, பணமின்மையால் வீட்டிலேயே தங்கியிருந்த பலரை வெளியே கொண்டுவந்தது.

அன்றாடச் செலவுகள்

நகரின் பல இடங்களில் குடிநீர் ஊற்றுகள் உள்ளன. புட்டிகளுக்குக் கடைகள் வைப்புத் தொகை பெற்றுப் பின் திருப்பித் தருகின்றன. பெரும்பாலான பீர்ப் புட்டிகளுக்கு 8 சென்ட்டும், ஒருமுறை மட்டும் பயன்படும் புட்டிகளுக்கும் குவளைகளுக்கும் 25 சென்ட்டும் கிடைக்கும். முதியோரும் வறியோரும் இவற்றைச் சேகரித்து வருவாய் தேடுகின்றனர். ஆகையால் வெற்றுப் புட்டியைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் அதன் அருகே வைத்துச் செல்லும் வழக்கம் பெர்லினில் பரவியுள்ளது. இலவசம் என அறிவிக்கப்படும் வழிகாட்டி நடைகள் பெரும்பாலும் அன்பளிப்பை எதிர்பார்த்து நடத்தப்படுபவை.

2003ஆம் ஆண்டில் அன்றைய மேயர் கிளவுஸ் வோவரைட், பெர்லின் ஏழையானாலும் கவர்ச்சியான நகரம் என்னும் பொருள்படக் கூறியது புகழ்பெற்றது. அதன் பின்னர் வாடகை பெரிதும் உயர்ந்துவிட்டது. சிறிய வீடுகளில் வாழ்வோருக்கும் வீடு தேடி அலைவோருக்கும் கட்டணமற்ற இவ்விடங்களே தோட்டமாகவும் கூடமாகவும் பயன்படுகின்றன.