துரையின் பெயர் சொல்லான கதை

வகுப்பிலே ஒரு நாள் 'பாய்காட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் 'புறக்கணிப்பு' என்று பொருள் எழுதிப் போட்டோம். "இந்தச் சொல் எங்கிருந்து வந்தது ஐயா?" என்றான் பின்வரிசை மாணவன் ஒருவன். கிரேக்கமாகவோ இலத்தீனாகவோ இருக்கும் என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். தேடிப் பார்த்தபோதன்றோ தெரிந்தது, அது ஓர் ஆளின் பெயர் என்பது!

அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டம். அங்கே மாஸ்க் ஏரிக்கரையில் எர்ன் பிரபுவுக்குப் பரந்த நிலம். அதனை மேற்பார்த்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். நம்மூர்ப் பண்ணைக் காரியக்காரர் போன்றவர் என்று கொள்ளலாம். 1879இல் விளைவு பொய்த்தது. அவ்வாண்டு அக்டோபரிலே, பார்னெல் தலைமையில் நிலச் சங்கம் தோன்றிற்று. மறு ஆண்டு உழவர்கள் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கக் கேட்டனர். பிரபுவோ 10க்கு மேல் இசையவில்லை. வெளியேற்ற அறிவிப்புகள் கிளம்பின. அவற்றைக் கொண்டுவந்த ஆளைச் சேற்றையும் சாணத்தையும் வீசி விரட்டியவர்கள் பெண்கள்!

அதற்குச் சில நாள் முன்னர்தான், 1880 செப்டம்பர் 19இல், எனிஸ் நகரில் பார்னெல் ஒரு வழி கூறியிருந்தார்: வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவன் மீது கை வைக்க வேண்டா; தெருவிலும் கடையிலும் மாதாகோயிலிலும் அவனோடு பேச்சை நிறுத்திவிடுங்கள் என்று. அந்த வழி கேப்டன் மீது பாய்ந்தது. பண்ணையாட்கள் வேலையை விட்டு அகன்றனர். கொல்லன் இலாடம் அடிக்க மறுத்தான். சலவைக்காரி துணி எடுக்க மறுத்தாள். கடைக்காரர் பண்டம் தர மறுத்தனர். துப்பாக்கி வெடிக்கவில்லை, துரையின் வீடோ தனித் தீவாயிற்று! இலண்டன் 'டைம்ஸ்' ஏட்டுக்கு அவர் முறையீடு எழுதினார். வடபகுதியிலிருந்து 50 தொண்டர்கள் அறுவடைக்கு வந்தனர். அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் படையினரும் போலீசாரும். சில நூறு பவுன் பெறுமான கிழங்குக்கும் தானியத்துக்கும் ஆன செலவு 10,000 பவுன் அளவில் என்றனர். டிசம்பர் தொடக்கத்தில் கேப்டன் கப்பலேறினார்.

இச்செயலுக்குப் பெயர் வேண்டுமே! ஓமாலி என்னும் பாதிரியாரும் ரெட்பாத் என்னும் அமெரிக்க இதழாளரும் பேசிக்கொண்டிருந்தபோது, கிரேக்கத்திலிருந்து வந்த 'ஆஸ்ட்ரசிசம்' என்னும் சொல் உழவர்க்குப் புரியாதென்று கருதிப் பாதிரியார் துரையின் பெயரையே தந்தார். பாமரன் நாவுக்கு எளிதாக வேண்டுமென்று பிறந்த சொல் அது. நம் பண்டிதர்கள் இதைக் கவனிப்பார்களாக! சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சும் செருமனும் அதனைத் தமதாக்கிக்கொண்டன.

1905இல் வங்கத்தார் அன்னியத் துணிக்கு எதிராக அதே படைக்கலத்தை ஏந்தினர். நம் நாட்டு ஏடுகள் அதற்குப் 'பகிஷ்காரம்' என்று பெயரிட்டன. வெளியே தள்ளுதல் என்பது பொருள். தோழர்களே, இங்கேதான் நாம் சற்றே நிற்க வேண்டும். 1927இல் அம்பேத்கர் தொடங்கிய ஏட்டின் பெயர் 'பகிஷ்கிருத பாரத்', தள்ளப்பட்டோரின் பாரதம்! ஒரே வேரிலிருந்து இரு சொற்கள்.

கடையில் பண்டம் இல்லை, வயலில் வேலை இல்லை, பேச்சு இல்லை. மேயோவில் நாம் கண்ட பட்டியல்தான் ஊர்விலக்கிலும். ஆனால் அங்கே நிலமற்றவன் நிலமுடையவனுக்கு மறுத்தான். இங்கே நிலமுடையவன் நிலமற்றவனுக்கு மறுத்தான். பம்பாய் அரசு 1928இல் அமைத்த குழுவில் அம்பேத்கரும் இருந்தார். தாழ்த்தப்பட்டோரை ஒடுக்க இதனினும் கூரிய படைக்கலம் இல்லை என்றே அக்குழு கண்டது. கேப்டனுக்கு ஏறிச்செல்லக் கப்பல் இருந்தது. பின்னர் இங்கிலாந்திலே வேறொரு பண்ணையில் அதே வேலையும் கிடைத்தது. 1897இல் அவர் இறந்தார். சேரியிலிருந்து விலக்கப்பட்டவன் எந்தக் கப்பலில் ஏறுவான்?

மராட்டிய மாநிலம் 2016இல் ஊர்விலக்கைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் துரையின் பெயர் இருக்கிறது.