குயவனும் கரையானும்

கடவுள் இருக்கிறாரா, இல்லையா? இந்தக் கேள்வியை நம் ஊரில் எங்கே எழுப்பினாலும் ஐந்தே நிமிடத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆத்திகர் ஒரு பக்கம், நாத்திகர் ஒரு பக்கம். அதற்குப் பிறகு யார் என்ன பேசினாலும் எதிர்ப்பக்கத்தின் காதில் விழாது.

ஆனால் இதே கேள்வியை இந்தியாவில் சுமார் 500 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக, மிகப் பெரிய மூளைக்காரர்கள் விவாதித்திருக்கிறார்கள். அந்த விவாதத்தில் கோடு நாம் நினைக்கும் இடத்தில் விழவில்லை. வேதத்தை உயிராக மதித்தவர் படைத்த கடவுள் இல்லை என்றார். பெருமாளே கதி என்றிருந்தவர் தர்க்கத்தால் பெருமாளை நிரூபிக்க முடியாது என்றார். இந்தப் பதிவு அந்தக் கதையைப் பற்றியதுதான்.

முதலில் கொஞ்சம் தர்க்கம். பயப்பட வேண்டாம், கணக்கெல்லாம் கிடையாது :)

தூரத்து மலையில் புகை தெரிகிறது. அங்கே தீ இருக்கிறது என்கிறோம். ஏன்? புகை இருக்கும் இடத்தில் எல்லாம் தீ இருக்கும், அடுக்களையில் பார்த்திருக்கிறோம். இதற்குப் பெயர் அனுமானம். நம் மணிமேகலையின் 29ஆம் காதையிலேயே இந்தப் புகை, தீ, அடுக்களை எல்லாம் வருகின்றன. இதில் உயிர்நாடி 'எங்கெல்லாம் புகையோ அங்கெல்லாம் தீ' என்ற விதிதான். விதி உறுதியாக இருந்தால் முடிவும் உறுதி. விதியில் ஓட்டை என்றால் எல்லாம் போச்சு.

நியாய மரபைச் சேர்ந்த தர்க்கவாதிகள் இதே அச்சில் கடவுளை நிரூபிக்க முயன்றார்கள். அவர்களுடைய வாதம் இது: பூமி, மலை, முளை எல்லாம் அறிவுள்ள ஒருவரால் செய்யப்பட்டவை. ஏனென்றால் அவை உண்டான பொருள்கள். உண்டான பொருள் எதுவானாலும் செய்தவர் ஒருவர் இருப்பார், பானையைப் போல. பானைக்குக் குயவன். உலகத்துக்கு ஈசுவரன்.

கேட்டவுடன் சரி என்றுதான் தோன்றும். இன்றைக்கும் பலர் சொல்வது இதைத்தானே?

7ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இதைச் சும்மா விடவில்லை. பானை மண்ணால் ஆனது, ஒரு வடிவம் உள்ளது, குயவன் செய்தது. கரையான் புற்றும் மண்ணால் ஆனதுதான், அதற்கும் வடிவம் உண்டு. அப்படியென்றால் புற்றையும் குயவன்தான் செய்தானா? இதுதான் அவர் கேள்வி. அவர் கேலி செய்கிறார் என்று தோன்றலாம். உண்மையில் அவர் காட்டுவது ஒரு நுட்பமான பிழையை. மலைக்கும் பானைக்கும் 'உண்டானது' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தலாம். சொல் ஒன்றாக இருப்பதால் பொருள்களும் ஒன்றாகிவிடுமா?

அவர் இன்னொன்றும் கேட்டார். கடவுள் என்றும் மாறாதவர் என்கிறீர்கள். மாறாத ஒருவர் நேற்று படைக்காமல் இருந்து இன்று படைப்பது எப்படி? படைக்காத நிலையிலிருந்து படைக்கும் நிலைக்கு வருவதே ஒரு மாற்றம் இல்லையா?

தர்மகீர்த்தி பௌத்தர், அப்படித்தான் பேசுவார் என்று நினைக்கலாம். ஆனால் கிட்டத்தட்ட அதே காலத்தில், பௌத்தத்தின் கடும் எதிரியான குமாரில பட்டரும் படைப்புக் கடவுளை மறுத்தார். அவர் மீமாம்சகர். வேதம் யாராலும் இயற்றப்படாதது, என்றும் உள்ளது என்பது அவர் கொள்கை. கருணையால் உலகத்தைப் படைத்தார் என்றால், படைப்புக்கு முன் கருணை காட்ட யார் இருந்தார்கள் என்று அவர் கேட்டார். கருணையால் படைத்தவர் இன்பத்தை மட்டும் படைத்திருக்கலாமே? ஒரு நோக்கமும் இல்லாமல் படைத்தார் என்றால், மூடன்கூட நோக்கமில்லாமல் ஒரு வேலையைச் செய்யமாட்டானே? இப்படிப் போகிறது அவர் வாதம்.

நியாயக்காரர்கள் இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் இருந்தார்களா? இல்லவே இல்லை. அவர்களில் மிகப் பெரியவர் மிதிலையைச் சேர்ந்த உதயணர் (10-11ஆம் நூற்றாண்டு). அவருடைய நியாய குசுமாஞ்சலி என்ற நூலுக்கு 'தர்க்கப் பூக்களின் கையளவுக் காணிக்கை' என்று பொருள் சொல்லலாம். ஐந்து பகுதிகள் கொண்ட நூல் அது. முதல் நான்கில் எதிர்ப்பவர்களுக்குப் பதில், ஐந்தாவதில் கடவுளுக்கான வாதங்கள்.

கண்ணால் பார்க்காதது இல்லை என்று சொல்லும் சார்வாகனுக்கு அவர் தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. அப்படியென்றால் அவன் வீட்டை விட்டு வெளியே போனதும் மனைவி மக்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. உடனே அவர்கள் இல்லை என்று அழ வேண்டியதுதானே? ஒரு பொருள் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், அது இருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்ற நிலை முதலில் வேண்டும் என்பதே அவர் சொல்ல வந்தது. மேசைமேல் யானை இல்லை என்று பார்த்துச் சொல்லலாம். மேசைமேல் கிருமி இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

உதயணரைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. அவர் பூரி ஜகந்நாதர் கோயிலுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்ததாம். உனக்குச் செருக்கு வந்துவிட்டது, ஆனால் பௌத்தர்கள் வந்தால் நீ இருப்பது என் கையில்தான் இருக்கிறது என்று கடவுளையே அதட்டினாராம்! கதை உண்மையோ பொய்யோ, அந்தக் காலத்தில் இந்த விவாதம் எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதை அது காட்டுகிறது.

எதிர்முகாமில், இன்றைய பீகாரில் இருந்த விக்கிரமசீலப் பல்கலைக்கழகத்தில், ஞானசிறீமித்திரரும் அவர் மாணவர் ரத்னகீர்த்தியும் இருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் ரத்னகீர்த்தி ஈசுவரனை நிரூபிக்கும் வாதங்களை மறுக்கவே தனியாக ஒரு நூல் எழுதினார். அவருடைய கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

புகைக்கும் தீக்கும் உள்ள உறவை எப்படி அறிந்தோம்? தீ இருந்த இடத்தில் புகை வந்ததைப் பார்த்தோம். தீ இல்லாத இடத்தில் புகை இல்லாததையும் பார்த்தோம். இரண்டும் வேண்டும். இப்போது 'உண்டான எதற்கும் செய்தவர் உண்டு' என்ற விதிக்கு வருவோம். செய்தவர் என்றால் கண்ணுக்குத் தெரியக்கூடியவரா? அப்படியென்றால் காட்டில் தானாக முளைக்கும் புல்லின் பக்கத்தில் யாரையும் காணோம், விதி உடைந்தது. கண்ணுக்குத் தெரியாதவரும் அதில் அடக்கமா? அப்படியென்றால் 'செய்தவர் இல்லாத இடத்தில் பொருளும் உண்டாகவில்லை' என்பதை எங்கே பார்த்தீர்கள்? கண்ணுக்கே தெரியாத ஒருவர் ஓரிடத்தில் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்? இரண்டு வழியிலும் விதி நிற்கவில்லை.

நியாயக்காரர்களிடம் இதற்கும் பதில் உண்டு. புல்லுக்குச் செய்தவர் உண்டா இல்லையா என்பதுதானே வழக்கு? வழக்கில் இருக்கும் பொருளையே எதிர்ச்சாட்சியாகக் கொண்டுவரலாமா? அப்படிச் செய்தால் மலையில் தீயைப் பார்க்காததால் புகை விதியும் உடைந்தது என்றல்லவா சொல்ல வேண்டும்? இதுவும் நியாயமான கேள்விதான்!

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த இராமானுசர் (மரபுப்படி 1017-1137) தம் ஸ்ரீபாஷ்யத்தில் இதே அனுமானத்தை எடுத்துப் பிரித்துப் போடுகிறார். மலையும் கடலும் உண்டானவை என்றே வைத்துக்கொண்டாலும், அவை எல்லாம் ஒரே காலத்தில், ஒருவராலேயே செய்யப்பட்டன என்பதற்கு என்ன சான்று? நாம் பார்த்த செய்பவர்கள் எல்லாம் உடம்பு உள்ளவர்கள், அறிவிலும் ஆற்றலிலும் குறை உள்ளவர்கள். பானையிலிருந்து தொடங்கினால் பானை செய்பவரைப் போன்ற ஒருவரிடம்தான் போய்ச் சேர முடியும், எல்லாம் வல்ல பரம்பொருளிடம் அல்ல. ஆகவே இறைவனைச் சாத்திரத்தின் வழியாகவே அறிய முடியும் என்பது அவர் முடிவு.

ஐரோப்பாவில் டேவிட் ஹியூம் இதற்கு மிக நெருக்கமான வாதங்களை எழுதினார். அந்த நூல் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1779இல்தான் வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், ஹியூமைச் சந்தேகவாதி என்கிறோம், இராமானுசரை ஆசாரியர் என்கிறோம். வாதம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்த நூல்களில் எதிராளியின் கட்சியை முதலில் வைப்பார்கள். அதற்குப் பூர்வபட்சம் என்று பெயர். ரத்னகீர்த்தி நியாயக்காரர்களின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எழுதிவிட்டுத்தான் மறுக்கத் தொடங்குகிறார். எதிராளியைப் பலவீனமாகக் காட்டி வெல்வது வெற்றியே இல்லை.

1200ஐ ஒட்டி விக்கிரமசீலம் அழிந்தது. ரத்னகீர்த்தியின் சமஸ்கிருத நூல்கள் இந்தியாவில் காணாமல் போயின. கேள்வி கேட்டவர் போய்விட, பதில் சொன்னவர் குரல் மட்டும் பல நூற்றாண்டுகள் தனியாக ஒலித்துக்கொண்டிருந்தது. 1930களில் ராகுல சாங்கிருத்தியாயன் திபெத்துக்குப் பலமுறை பயணம் செய்து, அங்கிருந்த மடங்களில் பழைய சுவடிகளைத் தேடிக் கண்டுபிடித்தார். அப்படிக் கிடைத்தவற்றிலிருந்து அனந்தலால் தாகூர் பதிப்பித்த ரத்னகீர்த்தியின் நூல் தொகுப்பு 1957இல் பாட்னாவில் வெளிவந்தது. வழக்கின் இரண்டாவது தரப்பு திரும்பவும் கூண்டில் ஏறியது!

கடவுள் உண்டா என்பதற்கு இந்த வழக்கில் தீர்ப்பு வரவில்லை. ஆனால் நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு என்பதை அவர்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். நம்பிக்கை உள்ளவர் நிரூபணத்தை மறுக்கலாம், அதனால் அவர் நம்பிக்கை குறைந்துவிடாது. ஒரு வாதம் உடைந்தால் அந்த வாதம்தான் உடைந்தது. அதை வைத்துக் கடவுள் இல்லை என்றும் சொல்ல முடியாது.

அடுத்த முறை யாராவது பானையைக் காட்டிக் குயவனைப் பற்றிப் பேசினால், கரையானையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆனால் குயவன் தரப்பையும் முழுசாகக் கேளுங்கள்.