கைக்கு எட்டாத ஜன்னலும் தோல் தொழிலும்

ஆம்பூர் என்றால் பிரியாணி, அதை விட்டால் தோல். தோல் தொழிலின் வரலாற்றை எழுதுபவர்கள் ஏற்றுமதியைப் பற்றி எழுதுவார்கள், பாலாறு கெட்டதைப் பற்றி எழுதுவார்கள். சுவர் உச்சியில் இருக்கும் ஜன்னலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதை யார் திறப்பது, எப்படித் திறப்பது என்பதும் இந்தத் தொழிலின் கதையில் ஒரு பகுதிதான்!

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்கள். (2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூரோடு போனது.) அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும் ஊறிய தோலை எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். நேர் வெயிலில் போட்டால் கறுத்து விறைத்துப்போகும். காற்றே படாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலும் வேண்டும், காற்றும் வேண்டும். சித்திரை அனல்காற்றில் ஜன்னலைப் பாதி மூட வேண்டும், ஐப்பசி மழையில் சாரல் வராமல் சாத்த வேண்டும். தவறினால் தோலின் தரம் இறங்கும், விலையும் இறங்கும்.

தொட்டிகளுக்கு நடுவே, ஈரத் தரையில் ஏணி சாய்த்து ஏறுவது ஆபத்து. இதற்கு ஒரு வழி சென்னை மாகாணத்துப் பழைய பங்களாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஏற்கனவே இருந்தது: நடுவில் முளை வைத்துச் சுழலும் வெண்டிலேட்டர், திறக்க ஒரு கயிறு, மூட ஒரு கயிறு, சுவரில் சுற்றிக் கட்ட ஒரு கொக்கி. மலிவானது, எந்தத் தச்சரும் செய்துவிடுவார். ஆனால் ஒரு கயிறு ஒரு ஜன்னலைத்தான் திறக்கும். லண்டனில் 1851-ல் ஜோசப் பாக்ஸ்டன் கட்டிய கண்ணாடி மாளிகையில் வரிசையான சாய்வுப் பலகைகளைக் கையால் ஒன்றாக இயக்க வழி செய்திருந்தார்கள். பிறகு தொழிற்சாலைகளில் நீளத் தண்டும் வார்ம் கியரும் கைப்பிடியும் வந்தன. வார்ம் கியர் தானாகப் பின்னால் சுழலாது. காற்று எவ்வளவு அடித்தாலும் ஜன்னல் வைத்த இடத்திலேயே நிற்கும்.

தோல் தொழிற்சாலைக்கு எது பொருத்தம்? ஒன்றிரண்டு ஜன்னல் என்றால் கயிறே போதும். வரிசையாக இருந்தால் கியர்தான் நல்லது. எதுவானாலும் பராமரிப்பு வேண்டும். பச்சைத் தோலோடு வரும் உப்பு, இரும்பு முளையை அரிக்கும். கயிறு கப்பியில் உராயும் இடத்தில்தான் முதலில் நையும். அறுந்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் மறுபடி ஏணிதான்!

1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு போதிய காற்றோட்டம் வேண்டும் என்றது. 17-வது பிரிவு வெளிச்சத்துக்கான கண்ணாடி ஜன்னல்களை உள்ளும் புறமும் துடைத்து வைக்கச் சொன்னது. எட்டாத ஜன்னலின் வெளிப்பக்கத்தை எப்படித் துடைப்பது? சுழலும் ஜன்னலானால் வெளிப்பக்கம் தானே உள்ளே திரும்பும்.

1973-ல் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு வைத்தது. முழுதாக முடித்த தோலுக்கும் காலணிக்கும் தொழில் நகர்ந்தது. உலர்த்த இயந்திரங்கள் வந்தன, எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது. ஃபேன் இருக்கும்போது கயிறு எதற்கு என்று தோன்றுவது இயல்பு. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோது ஃபேனும் நின்றது. அந்த நேரத்தில் துருப்பிடித்த முளையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சூடான காற்றும் அம்மோனியாவும் மேலே போகும், அவற்றை உயர ஜன்னல் வெளியேற்றும். சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவோடு அமிலம் சேர்ந்தால் வரும் ஹைட்ரஜன் சல்பைடு அப்படியல்ல. அது காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியிலேயே தேங்கும். அதிகமானால் மூக்கு அதன் நாற்றத்தை உணரும் சக்தியையே இழந்துவிடும். மேலே எல்லா ஜன்னலும் திறந்திருந்தாலும், வாயுவைச் சோதித்து, காற்றைச் செலுத்தி, மேலே ஒருவர் கயிற்றோடு காவல் நிற்காமல், கழிவுத் தொட்டிக்குள் யாரையும் இறக்கக் கூடாது.